மேற்கு வரிசை, நாலாவது வீடு

பல் வைத்தியர் ஸ்ரீகண்டன் தம் வாழ்நாளில் எழுதியவற்றிலெல்லாம் மிகச் சிறியது ஒரு பூஜ்யம். எழுபத்துமூன்று நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசித் தாளில், 'தீங்கு' என்ற தலைப்பின் கீழே, மை சிந்தாமல், வட்டம் பிசகாமல் அதைப் போட்டார். போட்டபோது கை நடுங்கவில்லை. நடுங்க வேண்டிய காரணம் அந்த நேரத்தில் தெருக்கோடியில் நின்று கூவிக்கொண்டிருந்தது என்பதை அவர் அறிந்தது பின்னால்தான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்றாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1925-26, அது. கல்கத்தாவில் பல் வைத்தியம் கற்றுத் திரும்பி, திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தில் தம் வீட்டின் முன்கட்டையே வைத்தியசாலையாக்கியிருந்தார் ஸ்ரீகண்டன். அவர் புகழில் பாதி பல் பிடுங்கும் குறட்டால் வந்தது. மறுபாதி நாவால் வந்தது. சமூக சீர்திருத்தக் கூட்டம் எங்கு நடந்தாலும் அவர் பெயர் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும். "தீண்டாமை இத்தேசத்தின் சொத்தைப் பல், அதை அடைத்துவைத்து அழகு பாராதீர், வேரோடு பிடுங்கி எறியுங்கள்!" என்று அவர் மேசையில் குத்தும்போது, பல் வலியே அறியாதவர்களும் தாடையைத் தடவிக்கொள்வார்கள்.

அந்த நாளில் சொத்தைப் பல்லைக் காப்பாற்ற வழி ஒன்றுண்டு. குழியில் கடுகளவு பாஷாணப் பசையை வைத்து மேலே அடைத்துவிட்டால், பல்லின் நரம்பு செத்து வலி நிற்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் நோயாளி திரும்பி வர வேண்டும். பசையை வைத்தியர் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் பாஷாணம் நரம்போடு நில்லாது, ஈற்றைத் தின்று எலும்பைத் தொடும் என்பது நூல் சொல்லும் எச்சரிக்கை. அப்படியானால் மலையிலும் காட்டிலும் கிடக்கிறவன், இரண்டாம் முறை வர வழியில்லாதவன், வலியோடே சாக வேண்டியதுதானா? இக்கேள்வி ஸ்ரீகண்டனை உண்மையாகவே உறுத்தியது. அவரை அயோக்கியர் என்று எண்ணிவிடாதீர்கள். அயோக்கியன் வெட்கப்படுவதில்லை, அவனைப் பற்றிக் கதையும் வேண்டியதில்லை. அவர் பாஷாணத்தின் அளவைக் குறைத்தார், கிராம்புத் தைலமும் கொக்கேனும் கூட்டினார், எடுக்காமலே விட்டுவிடத்தக்க பசை ஒன்று செய்தார். ஒரே வருகை, ஒரே அடைப்பு, ஏழைக்கு விமோசனம்.

எழுபத்துமூன்று பேரில் முப்பத்துமூன்று பேர் நகரவாசிகள்: சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள், கோயில் உத்தியோகஸ்தர், பக்கத்து ஆரியசாலைக் கடைவீதி வியாபாரிகள். இவர்களுக்கும் பசை வைத்தார். ஆயினும் பக்கத்திலேயே இருப்பவர்கள் ஆதலால், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாம் நாள் வரவழைத்து எடுத்தும் விட்டார். மீதி நாற்பது பேர் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், மலைக்குப் போய், கூலிகள் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் நாற்காலி போட்டு, நாற்பது வாயையும் தம் கையால் தொட்டு அடைத்தார். 'இந்தக் கை தொட்டது, ஐயன்மீர்!' என்று பின்னர் இரண்டு கூட்டங்களில் அந்தக் கையை உயர்த்தியும் காட்டினார். ஒவ்வொருவருக்கும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார்: 'வலியோ வீக்கமோ ரணமோ கண்டால் உடனே வருக. சிகிச்சை இலவசம். வலியசாலை, கோயிலுக்கு மேற்கு வரிசை, நாலாவது வீடு.'

நாற்பது பேரில் ஒருவரும் வரவில்லை. வலித்தால் வந்திருப்பார்கள், வரவில்லை, ஆகவே வலிக்கவில்லை. இந்த நியாயம் அவருக்குக் கண்ணாடி போலத் தெளிவாயிருந்தது. நாற்பது மௌனங்களைக் கூட்டினார். விடை பூஜ்யம் வந்தது.

ஐந்து மாதம் கழித்து, கும்ப மாதத்தில் வைத்தியர்கள் மாநாடு கூடிற்று. காலை பதினொரு மணிக்கு அவர் கட்டுரை. அது அங்கீகாரம் பெற்றால் மலைத் தோட்டத்து மருந்தகங்களெல்லாம் இந்தப் பசையை வாங்கி வைப்பதென்று முன்பே பேச்சு. ஆரியசாலையில் ஒரு கடையில் இருநூறு பீங்கான் சிமிழ்கள் அவர் பெயர் அச்சிட்ட காகிதம் ஒட்டி மலையேறக் காத்திருந்தன.

அன்று காலை ஒன்பது மணிக்கு, அவர் அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, வேதமாணிக்கம் வந்தார். பொன்முடித் தோட்டத்துக் கம்பவுண்டர். தெற்கே நாகர்கோவில் பக்கத்துச் சபைக் கிறிஸ்தவர். கன்னி மாத முகாமில் கூடவே நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தவர். முகம் மழிக்கவில்லை. வழியெல்லாம் உறங்காதவர் என்பது கண்ணில் தெரிந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் சொல்லதை முழுக்கக் கேட்டுட்டு அப்புறமா கோவிச்சுக்கிடுங்க சார். முதல்ல இதைத் திறந்து பாருங்க."

பஞ்சின்மேல் கீழ்த்தாடை எலும்பின் துண்டு ஒன்று கிடந்தது. கறையான் அரித்த கட்டைபோல் சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் பொத்தலாயிருந்தது. அதில் இரண்டு கடைவாய்ப் பற்கள் நின்றன. அவற்றில் ஒன்றில் ரோஜா நிற அடைப்பு. எலும்பு போயிருந்தது, ஈறு போயிருந்தது, அந்த அடைப்பு மட்டும் ஓரம் பிசகாமல், செய்தவர் கைத்திறனுக்குச் சாட்சியாக, பளபளவென்று இருந்தது.

ஸ்ரீகண்டன் அதைத் திருப்பிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். வேலாயுதன் என்றார் வேதமாணிக்கம். முகாமில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன். முந்தாநாள் காலையில் வாய் கொப்பளிக்கப் போனவன் கையில் அது தானாக வந்து விழுந்தது.

"அஞ்சு மாசம் என்ன பண்ணிண்டிருந்தான்?" வைத்தியரின் குரல் உயர்ந்தது. "சீட்டுல விலாசம் போட்டிருக்கு. இலவசம்னு போட்டிருக்கு. ரெண்டு பாஷையில போட்டிருக்கு. வரதுக்கு என்ன?"

"வந்தான் சார். ரெண்டு தரம் வந்தான்."

பிறகு வேதமாணிக்கம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முகாம் முடிந்த மூன்றாம் மாதம், தனுவில், ஈறு கறுத்தது. சீட்டை எடுத்துக்கொண்டு வேலாயுதன் மலையிறங்கினான். இரண்டு நாள் நடை. ஆரியசாலை வரை வழி கேட்டு வந்துவிட்டான். வலியசாலைத் தெருமுனையில் ஒரு கல் உண்டு. அதில் எழுத்தில்லை; எழுத்தில்லாமலே எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த கல். அதற்கு இப்பால் அவன் சாதி கால் வைக்கக் கூடாது. சீட்டை நீட்டினான், அவன் கையிலிருந்து வாங்குவார் யார்? தரையில் வைத்துவிட்டுப் பத்தடி விலகி நின்றான். போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காற்று தூக்கிற்று, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினான். தெருவுக்குள் விடவில்லை என்று அவன் சொன்னபோது, வேதமாணிக்கம் நம்பவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஊர் சுற்றி வந்தவன் சொல்லும் பொய் என்றே எண்ணினார். டாக்டர் வரச் சொன்ன இடத்துக்கு வராதே என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? இன்னொரு தரம் போ என்று விரட்டினார்.

"அதுல எனக்கும் பங்கு உண்டு சார், இல்லேங்கல்லை. ரெண்டாம் தரம் மகர மாசம், பத்தாம் தேதி. கல்லுக்கு அப்புறத்துல விடிய வெளுப்புலேர்ந்து உச்சி வரைக்கும் நின்னு, 'பல்லு சாமீ, பல்லு சாமீ'ன்னு விளிச்சிருக்கான். நாலாவது வீடுல்லா, கேக்கும்னு நெனச்சிருக்கான்."

உள்கட்டுக் கதவின் பின்னாலிருந்து அவர் மனைவி சீதாலக்ஷ்மியின் குரல் மெதுவாக வந்தது.

"நான் சொன்னேனே அன்னிக்கு. யாரோ கூப்பிடறான், உங்களைத்தான் போலிருக்குன்னு. நீங்க ஜன்னலைச் சாத்தினேள்."

ஆம், சாத்தினார். மாடியில் உட்கார்ந்து அட்டவணையைச் செம்மைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டல் தவறிவிடும் என்று கூச்சலை வெளியே நிறுத்தினார். வியாழக்கிழமை ஆரியசாலைப் பக்கம் வரச் சொல்லேன் என்று மனைவியிடம் சொன்னதும் நினைவிருந்தது. அவள் போய்ச் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததும் நினைவிருந்தது. பிறகு பேனாவைத் தோய்த்து, 'தீங்கு' என்ற தலைப்பின் கீழே அந்த வட்டத்தைப் போட்டார்.

பிறந்தது முதல் அந்தத் தெருவில் நடந்தவர். கல்லைத் தாண்டாத நாளில்லை. அச்சுக்கூடத்தில் விலாசத்தைத் தாமே எழுத்தெழுத்தாகத் திருத்திக் கொடுத்தவர். நாற்பது பேரும் நுழையக் கூடாத தெருவின் விலாசத்தை நாற்பது பேர் கையிலும் கொடுத்துவிட்டு, வரவில்லையே, ஆகவே சுகமாயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார்! மேடைதோறும் முழங்கியவருக்கு அந்தக் கல் தம் நோயாளியின் வழியில் கிடப்பது ஒரு நாளும் தோன்றவில்லை. தம் காலில் தட்டாத கல் யாருக்குக் கண்ணில் படும்?

"எத்தனை பேருக்கு இப்படி?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஆறு. தெரியாம எத்தனையோ. வேலாயுதன் ரெண்டு தரம் போய்ட்டு வந்த கதையைக் கேட்ட பொறவு எவன் வருவான்?" வேதமாணிக்கம் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பில் சிரிப்பில்லை. "நான் இப்ப இந்த வாசல் வரைக்கும் வந்தாச்சு, பாத்தீங்களா? எங்க அப்பனுக்கு அப்பன் வேதத்துல சேர்ந்து பேரை மாத்திக்கிட்டதுக்கு உங்க தெரு தந்த சம்மானம். வேலாயுதனையும் ஒரு வார்த்தை சொல்லி, எங்க சபைக் கோயில்பிள்ளைகிட்டே அனுப்பி ஞானஸ்நானத்துல முங்க வச்சுக் கூட்டிட்டு வந்திருந்தா தாடை மிஞ்சியிருக்கும்."

அந்த வார்த்தை சவுக்கடியாக விழுந்தது. ஸ்ரீகண்டன் தீப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கட்டுரையை மற்றப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் மாநாட்டு மண்டபத்துக்கு நடந்தார்கள்.

வழி நெடுக அவர் மூளை வக்கீல் வேலை பார்த்தது. கூலிகள் புகையிலை அடக்குகிறவர்கள். சுண்ணாம்பு ஈற்றைத் தின்றிருக்கலாமல்லவா? ஒரு துண்டு எலும்பால் ஓர் ஆராய்ச்சி பொய்யாகிவிடுமா? 'நாற்பது பேரின் நிலை இன்னும் கவனிக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பொய்யும் ஆகாது, பெயரும் போகாது. கரமனை ஆற்றிலிருந்து வந்த காற்று முகத்தில் பட்டது, ஆயினும் வேர்த்தது. ஒவ்வொரு சமாதானமும் நல்ல தமிழில், ஒழுங்கான சந்தத்தில் அவருக்குள் எழுந்தது. அதுதான் அவரை முதன்முதலில் அருவருக்க வைத்தது. இத்தனை அழகாகப் பொய் சொல்லத் தெரிந்த நாவை வைத்துக்கொண்டா இத்தனை நாள் உண்மை பேசினோம்?

மண்டபத்தில் அறுபது வைத்தியர்கள் இருந்தார்கள். தலைமை வகித்தவர் டாக்டர் நீலகண்டன், வெள்ளைத் தலைப்பாகைக்காரர். ஸ்ரீகண்டன் மேடையேறிப் படிக்கத் தொடங்கினார். பசையின் சேர்மானம் சொன்னார், முகாம் நடந்த விதம் சொன்னார், அட்டவணைக்கு வந்தார். எழுபத்துமூன்று என்றார். குணம் என்றார். தீங்கு என்றார். அதற்கப்பால் நா நகரவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். வாசலருகே வேதமாணிக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஸ்ரீகண்டன் கட்டுரையைக் கீழே வைத்தார். தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். இந்த எண் பொய், இந்தப் பசை விஷம், இதை யாரும் எந்த வாயிலும் வைக்க வேண்டாம் என்று சொன்னார். அது வரைக்கும் அவர் குரல் தடுமாறிற்று. அது வரைக்கும் அவர் மனிதராகப் பேசினார். பிறகு கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததைக் கண்டதும் பழகிய நா விழித்துக்கொண்டது. கல்லைப் பற்றிச் சொன்னார், சீட்டைப் பற்றிச் சொன்னார். "பாஷாணம் சிமிழில் இல்லை, ஐயன்மீர், பாஷாணம் எங்கள் தெருவில் இருந்தது! திரும்பி வராதவனைச் சுகமானவன் என்று எழுதினேன். திரும்பி வர விடாதவன் நான் என்று எழுத மறந்தேன்!" கை தானாக உயர்ந்தது. மேசையில் குத்தியபோது தீப்பெட்டி துள்ளிற்று.

கைதட்டல் மண்டபத்தை அதிர்த்தது. நீலகண்டன் எழுந்து, பிழையை ஒப்புக்கொள்ளும் இந்தத் துணிவு வைத்திய உலகத்துக்கே ஆபரணம் என்றார். பசை நிறுத்தப்பட்டது. ஸ்ரீகண்டனுக்கு மாலையும் வந்தது. ஏற்கெனவே கட்டிவைத்த மாலை, வீணாகக் கூடாதே. கழுத்தில் அது விழுந்த கணத்தில், கேவலம், நெஞ்சு இனித்தது. இனித்ததை அவரே பார்த்துவிட்டார். ஒருவன் தாடை உதிர்ந்ததை வைத்துத் தாம் கைதட்டு வாங்கியிருப்பது விளங்கிற்று. அன்று காலை பட்ட வெட்கம் வெறும் தோலில் பட்டது. இது எலும்பில் இறங்கிற்று. மாலையைக் கழற்றவும் கூசினார், போட்டிருக்கவும் கூசினார்.

வாசலில் வேதமாணிக்கம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பேச்சு நல்லாருந்துது சார். நெடுமங்காட்டு பஸ் ரெண்டு மணிக்கு."

ஸ்ரீகண்டன் வீட்டுக்குப் போய்க் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். சீதாலக்ஷ்மி வழியில் உண்ண இலையில் சோறு கட்டிக் கொடுத்தாள். கழுத்து மாலையை எங்கே வைக்க என்று கேட்டபோது, அவர் அதைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

நெடுமங்காடு வரை பஸ். அதற்கு மேல் மாட்டு வண்டி. கொண்டையூசி வளைவுகளுக்கு மேல் கால்நடை. மறுநாள் முற்பகலில் லயத்து முற்றத்தில் அதே நாற்காலியைப் போட்டார்கள். பனிமஞ்சு விலகிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், வரத் தயங்கியவர்களைத் தேடி வேதமாணிக்கம் கொழுந்து எடுக்கும் சரிவுவரை போனார். அடைப்பைக் குடைந்து பசையை எடுப்பதும், வாயைக் கழுவுவதும், அழுகிய எலும்பு தெரிந்த இடத்தில் ஒதுக்கி வெட்டுவதுமாகப் பொழுது சாயுமட்டும் நின்றார். இரண்டு பேரின் பற்கள் தொட்டதும் உதிர்ந்தன. ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் வெளியே துளை விழுந்திருந்தது. வெற்றிலைச் சாறு அதன் வழியே கசிந்தது. அவள் சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு, வந்ததற்கு அவரைக் கும்பிட்டாள். அவர் அண்ணாந்து மலையைப் பார்த்தார். தீங்கு என்ற தலைப்பின் கீழே பதினோரு பெயர்கள் ஏறின. முகாமில் அவர் எண் மட்டுமே எழுதியிருந்தார். இந்தத் தரம் பெயர் கேட்டு எழுதினார்.

வேலாயுதன் கடைசியாக வந்தான். அழைக்காமல் வரவில்லை, அழைத்தும் நாற்காலியில் உட்காரவில்லை. துண்டால் பாதி முகத்தை மறைத்தபடி, கல்லுக்கு அப்பால் நின்ற அதே தூரத்தில் முற்றத்தோரம் நின்றான். முப்பது வயதிருக்கும், துண்டுக்கு மேலே தெரிந்த கண்களுக்கு வயது அதிகம்.

ஸ்ரீகண்டன் அருகில் வரும்படி சொன்னார். அவன் வரவில்லை. அவரே எழுந்து போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மலை நெடுகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே நின்றதும் ஒவ்வொன்றும் மேடையிலிருந்து வந்தது போல் தோன்றி, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. வாயைக் காட்டும்படி மட்டும் கேட்டார்.

வேலாயுதன் மடியை அவிழ்த்தான். நான்காய் மடித்து, வேர்வையில் ஊறி, மடிப்போரம் கிழிந்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். துண்டுக்குள்ளிருந்து சொற்கள் குழறி வந்தன.

"கம்பவுண்டரய்யா படிச்சுச் சொன்னாரு சாமி. உடனே வருகன்னு போட்டிருக்காமில்ல. நீங்க பெரிய கூட்டத்துல அந்தக் கல்லை வச்சுப் பேசினீகளாமே." அவன் காகிதத்தைத் தடவி நேராக்கினான். "இனிமே இதைக் காட்டினா, தெருவுக்குள்ள விடுவாங்களா சாமி?"

கேலி இல்லை அந்தக் கேள்வியில். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அடுத்த தரம் வலித்தால் இரண்டு நாள் நடப்பதா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கிறவன் கேட்கும் கேள்வி அது. ஸ்ரீகண்டனுக்குள் பழைய நா அசைந்தது: காலம் மாறும், கல் பெயரும், நானே கையைப் பிடித்து அழைத்துப் போவேன். ஒவ்வொன்றும் கைதட்டலுக்கு உரியது. அவர் தெருவை நினைத்தார். நாலாவது வீட்டுக்கு இருபுறமும் உள்ள வாசல்களை நினைத்தார். தாம் சாத்திய ஜன்னலை நினைத்தார்.

"விடமாட்டா," என்றார்.

வேலாயுதன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்தான்.